கூட விளையாடுபவரும் வேடிக்கை பார்ப்பவரும்

2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. அதை ஏற்றிக்கொண்டவர்களின் டிவிக்குள் ஃபேஸ்புக், ட்விட்டர், லாஸ்ட்.எஃப்எம் மூன்றும் வந்து உட்கார்ந்துகொண்டன. சோபாவில் சாய்ந்தபடி, கையில் கேம் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்போய் அழுத்தி ட்வீட் போடலாம். ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் காசு கட்டும் 'கோல்டு' சந்தாதாரர்களுக்கு மட்டும்தான். பக்கத்து மேசையில் இருக்கும் லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் அதே ஃபேஸ்புக்கை, சந்தா கட்டி, கஷ்டப்பட்டு, தூரத்தில் இருக்கும் திரையில் பார்க்க வேண்டும். 2012-இல் மைக்ரோசாஃப்ட்டே அந்த இரண்டு செயலிகளையும் எடுத்துவிட்டது. அவற்றை நினைத்து ஏங்கியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்று நிறுவனங்களும் கன்சோலுக்குள் ஏதாவது ஒரு வகையில் சமூக வலைத்தளத்தைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிலதைப் பெரிய விழா எடுத்து அறிவித்தார்கள். பெரும்பாலானவற்றைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். இருபது வருட அளவில் நடந்த இந்தக் கதையைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. விளையாடுகிறவருக்கு இரண்டு விதமான ஆட்கள் தேவைப்படலாம். ஒருவர் அதே ஆட்டத்துக்குள் கூட இருப்பவர். இன்னொருவர் வெளியே நின்று பார்ப்பவர். கன்சோல் நிறுவனங்கள் இரண்டையும் 'சோஷியல்' என்று ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டன. பார்ப்பவரைக் கொண்டுவரத்தான் அதிகம் உழைத்தன. கூட இருப்பவருக்காக அவர்கள் கட்டிய சில நல்ல இடங்களையோ, கணக்கு உதைத்தவுடன் இடித்துத் தள்ளினார்கள்.

இரண்டாவது கன்ட்ரோலர்

வீடியோ கேம் என்பது தனிமையில் திரையை முறைத்துக்கொண்டிருப்பது, அதற்குள் 'சமூகத்தை' யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்கிற எண்ணமே தவறு. நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாமை வெளியிட்டபோது அதில் இரண்டு கன்ட்ரோலர்கள் பெட்டியோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தன. கழற்ற முடியாது. இரண்டாவது ஆள் இருப்பார் என்பது அந்த இயந்திரத்தின் அடிப்படை அனுமானம். போதாததற்கு அந்த இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் வேறு இருந்தது.

அந்த ஃபேமிகாமின் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் ஊருக்கு 'டிவி கேம்' என்று வந்தவை. தெருவில் ஒரு வீட்டில் இருக்கும், ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும். 'ஒரு லைஃப் உனக்கு, ஒரு லைஃப் எனக்கு' என்று ஒப்பந்தம். விளையாடுவது இரண்டு பேர்தான். ஆனால் 'டேய், மேல குதிடா, அங்க காசு இருக்கு' என்று கத்துகிறவனும் ஆட்டத்தில்தான் இருந்தான். அவனை வேடிக்கை பார்ப்பவன் என்று சொல்ல முடியாது. அடுத்த லைஃப் அவனுடையது.

இணையம் வந்தபோது கேள்வி இதுதான்: அந்த இரண்டாவது ஆள் வேறு ஊரில் இருந்தால் என்ன செய்வது? 2002 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் லைவ் அதற்கு நல்ல பதிலைத் தந்தது. பிராட்பேண்ட் இணைப்பு இல்லாமல் வேலை செய்யாது என்று துணிந்து சொன்னார்கள். சந்தா பெட்டியோடு ஒரு ஹெட்செட்டையும் கொடுத்தார்கள். எல்லா விளையாட்டுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல். இதை ஒரு மென்பொருள்காரனாகப் பார்த்தால் முக்கியமான முடிவு அந்தக் கடைசி விஷயம்தான். நண்பர் பட்டியலை ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை, கன்சோல் வைத்துக்கொண்டது. ஆட்டம் மாறினாலும் ஆள் மாறவில்லை.

2004-இல் வந்த ஹேலோ 2 அதை இன்னொரு படி கொண்டுபோனது. ஒரு ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் கலைந்துபோகாமல், சேர்ந்து வந்த குழு அப்படியே அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். இடையில் பேசிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு இது சோபாவை இணையத்தில் கட்டிய வேலை. 2010 ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை நிறுத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை அது உடனே வெளியே தள்ளவில்லை. அதனால் ஒரு சிலர் பெட்டியை அணைக்காமலேயே ஹேலோ 2-வைத் தொடர்ந்து ஆடினார்கள். பழைய பெட்டிகள் சூடேறி, ஒவ்வொருவராகத் தொடர்பு அறுந்து, மே மாதத்தில் கடைசி ஆளும் வெளியேறினார். யாரும் அவர்களுக்குப் புள்ளிகள் தரவில்லை. கடைக்குப் பூட்டுப் போட்ட பிறகும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி.

மார்க்கும் மேடையும்

2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது கூடவே 'அச்சீவ்மென்ட்' வந்தது. விளையாட்டில் ஒன்றைச் சாதித்தால் சின்னதாக ஒரு சத்தம், சில புள்ளிகள். எல்லாம் கூட்டி 'கேமர்ஸ்கோர்' என்று பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண். 2008-இல் சோனி இதையே 'ட்ரோஃபி' என்று கொண்டுவந்தது. இதை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். யாரும் எட்டிப் பார்க்காத மூலைக்குப் போய்ப் பார்க்கத் தூண்டிய நல்ல அச்சீவ்மென்ட்கள் உண்டு. ஆனால் நம் ஊரில் மார்க் வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதன் மறுபக்கத்தை விளக்க வேண்டியதில்லை. பாடம் பிடித்திருந்ததா என்பது மறந்துபோகும், எண் மட்டும் நிற்கும். முதன்முறையாக, தனியாக உட்கார்ந்து விளையாடிய ஆட்டம்கூட வெளியே காட்டுவதற்கான ஒன்றாக மாறியது.

அதே 2008 டிசம்பரில் சோனி 'பிளேஸ்டேஷன் ஹோம்' திறந்தது. முப்பரிமாண நகரம், நமக்கென்று ஓர் உருவம், வீடு, சதுக்கம். போய்ப் பார்த்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே இருந்த ஆர்கேட் இயந்திரத்தையோ பௌலிங் தளத்தையோ வேறு யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் நாம் காத்து நிற்க வேண்டும். கணினிக்குள் இடப் பற்றாக்குறையை வேண்டுமென்றே உருவாக்கி, க்யூவில் நிற்க வைத்த பெருமை சோனிக்கு உண்டு. நிஜமான இடம் மாதிரி இருந்தால் மனிதர்கள் தாமாகப் பழகிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மனிதர்கள் சேர்ந்து செய்ய ஒரு காரியம் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் நண்பர்களாகிவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஃபோனைத்தான் பார்ப்பார்கள். ஹோமிலும் ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டது, உடைகளும் தளவாடங்களும் விற்றன. ஆனாலும் 2015 மார்ச் 31-ஓடு மூடினார்கள்.

பிறகு 2013-இல் பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரிலேயே 'ஷேர்' என்று ஒரு பட்டன் வந்தது. தொழில்நுட்பமாக மிக நேர்த்தியான யோசனை. கன்சோல் நம் ஆட்டத்தின் கடைசி 15 நிமிடங்களை எப்போதும் பதிவு செய்துகொண்டே இருக்கும். நல்லது ஏதாவது நடந்த பிறகு பட்டனை அழுத்தினால் போதும். அபூர்வமான தருணம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அழுத்தியதும் அது எங்கே போகிறது? ஃபேஸ்புக்குக்கு, ட்விட்டருக்கு, ட்விட்ச்சுக்கு. அதாவது கன்சோலுக்கு வெளியே, விளையாடாதவர்களிடம்.

வெளியே வைத்த பந்தலுக்கு வெளியார்தான் உரிமையாளர். 2019 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 4-இலிருந்து ஃபேஸ்புக் போனது. 2023-இல் ட்விட்டர் தன் ஏபிஐ-க்குக் கட்டணம் போட்ட பிறகு அந்த ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸிலிருந்தும், நவம்பரில் பிளேஸ்டேஷனிலிருந்தும் ட்விட்டர் வெளியேறியது. 2024 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்சிலிருந்தும் போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கடைக்காரர்கள் கணக்கு எழுதும் செயலிக்கு ஷேர் பட்டன் வேண்டும் என்றார்கள். 'யார் சார் தன் கடைக் கணக்கைப் போய் ஷேர் பண்ணுவாங்க?' என்று கேட்டேன். 'ரெண்டு நாள் வேலைதானே, போட்டு வைங்க' என்று பதில் வந்தது. அதுதான் விஷயம். ஷேர் பட்டன் ரொம்ப மலிவு. அடுத்தவர் கட்டி வைத்த கதவுக்கு நம் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டுவது அவ்வளவுதான். மாட்டியதும் பவர்பாயின்ட்டில் 'சோஷியல்' என்று ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம். கூட இருப்பவரைக் கொண்டுவருவது அப்படி இல்லை. அதற்கு ஆட்டத்தின் அமைப்பையே மாற்ற வேண்டும், கண்காணிக்க ஆள் போட வேண்டும், வருடக்கணக்கில் சர்வர் ஓட்ட வேண்டும்.

மீவெர்ஸ்

அந்தச் செலவைச் செய்ய ஒரு நிறுவனம் முன்வந்தது. 2012 ஜூனில், வீ யூ கன்சோலைப் பற்றிப் பேசிய காணொளியில் நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாட்டா ஒரு புத்தகத்தைக் குறிப்பிட்டார். எம்ஐடி பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள் எழுதிய 'அலோன் டுகெதர்'. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றி அவர் பேசினார். தன் புதுக் கன்சோலை விற்க வந்த ஒரு தலைவர், திரைகள் மனிதரைப் பிரிக்கின்றன என்று கவலைப்படும் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அந்தக் கவலைக்கு நின்டெண்டோ கொடுத்த விடைதான் 2012 நவம்பரில் கன்சோலோடு வந்த மீவெர்ஸ். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கூடம். ஆட்டத்தின் நடுவில் ஹோம் பட்டனை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். நாம் மாட்டிக்கொண்ட இடத்தின் படத்தோடு 100 எழுத்துக்குள் எழுதிப் போடலாம். இல்லாவிட்டால் கேம்பேடின் திரையில் குச்சியால் கறுப்பு வெள்ளையில் வரையலாம். இந்த வரைதல்தான் மீவெர்ஸின் உயிர். ஆறு வயதுக் குழந்தையின் கோணல் மாரியோவுக்குப் பக்கத்திலேயே, கைதேர்ந்த ஓவியர் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த படமும் இருக்கும். கன்சோலைப் போட்டவுடனேயே முதல் திரையில் மற்றவர்களின் சின்ன உருவங்கள் அவரவர் ஆடும் விளையாட்டைச் சுற்றி நின்று ஏதோ பேசிக்கொண்டிருக்கும்.

அதில் 'லைக்' கிடையாது. ஆங்கிலத்தில் 'யெஹ்!' என்று இருந்த பட்டன், ஜப்பானிய மொழியில் 'ஸோ த நே'. நம் பேச்சில் சொன்னால் 'ஆமா, அதானே'. பிடித்திருக்கிறது என்பதற்கும் அதானே என்பதற்கும் நிறைய தூரம். முதலாவது தீர்ப்பு. இரண்டாவது, நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்வது. ஐந்தாவது முறை அதே பள்ளத்தில் விழுந்தவருக்கு எது தேவை என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சில விளையாட்டுகள் இதை ஆட்டத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டன. 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யூ'வில் வரைபடத்தின்மேலேயே மற்றவர்களின் புலம்பல்கள் மிதக்கும். 2013-இல் வந்த 'விண்ட் வேக்கர் ஹெச்டி'யில் கடலில் போகும்போது யாரோ எங்கேயோ எழுதிப் போட்ட புட்டி கரையில் ஒதுங்கியிருக்கும். திறந்தால் ஒரு செய்தி. 2015-இல் வந்த 'ஸ்ப்ளட்டூன்' இன்னும் அழகு. மீவெர்ஸில் வரைந்தவை விளையாட்டின் ஊருக்குள் சுவர்க் கிறுக்கல்களாகத் தெரியும். சுவரில் எழுதுவது நாகரிகம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? வீ யூ ஓடவில்லை. அதற்கு முந்தைய வீ கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்ற இடத்தில் இது 1.36 கோடி அளவில் நின்றுவிட்டது. 2015 ஜூலையில் இவாட்டா காலமானார். 2017-இல் வந்த ஸ்விட்சில் மீவெர்ஸ் இல்லை. அந்த வருடம் நவம்பர் 8 அன்று, ஐந்து வருடம் நிறைவதற்குப் பத்து நாள் இருக்கும்போது மூடிவிட்டார்கள். கடைசி நாட்களில் கூடங்கள் முழுக்கப் பிரியாவிடைப் படங்கள். பயனர்கள் தங்கள் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ள நின்டெண்டோ வழி செய்தது, அது நியாயமான காரியம். ஆனால் என் பதிவு என் கையில் கிடைத்து என்ன பயன்? அதற்குக் கீழே யாரோ 'இடது பக்கம் போய்ப் பாருங்க' என்று எழுதியதும், அவருடைய கோணல் அம்புக்குறியும்தான் அதற்கு அர்த்தம் தந்தவை. கல்யாண ஆல்பத்தில் நம் முகம் மட்டும் வெட்டிக் கொடுத்த மாதிரி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மீவெர்ஸ் நல்ல இடமாக இருந்ததற்கு அதன் கறாரான கண்காணிப்பும் காரணம். சொந்த விவரங்களை எழுதினால் நீக்குவார்கள், மீறினால் தடை. குழந்தைகள் நிறைந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. நின்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கன்சோலில் கையால் எழுதி அனுப்பும் 'ஸ்வாப்நோட்' சேவை இருந்தது. சிறுவர்கள் முகம் தெரியாதவர்களோடு தொடர்பு விவரங்களைப் பரிமாறிக்கொண்டதும், சிலர் ஆபாசமான படங்களை அனுப்பியதும் தெரியவந்து 2013 அக்டோபர் கடைசியில் அதன் இணையப் பகிர்வையே நிறுத்தினார்கள். எக்ஸ்பாக்ஸ் லைவின் குரல் அரட்டையில் பெண்கள் கேட்ட வசவுகளையும் மறந்துவிட்டு 'சோபா' என்று நான் கவிதை பேசக்கூடாது. காவல் இல்லாத கூடம் வலியவனுக்கு மட்டும் கூடம். ஆக, நல்ல இடம் என்றால் செலவு. இந்தச் செலவை யார், எத்தனை நாளுக்கு ஏற்பார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. லாபம் இருக்கும்வரை என்பது எல்லா நிறுவனங்களும் இதுவரை தந்த பதில்.

பனியில் சிக்கிய கார்

ஆனால் கூட இருப்பவரைக் கொண்டுவர எப்போதும் ஒரு முழு வலைத்தளம் தேவையில்லை என்று காட்டியவர்கள் விளையாட்டை உருவாக்குகிறவர்கள்தான். 2009-இல் ஜப்பானில் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' விளையாட்டில் நாம் தரையில் செய்தி எழுதி வைக்கலாம். நினைத்ததை எழுத முடியாது, ஏற்கெனவே தரப்பட்ட சொற்களைக் கோர்த்துத்தான் எழுத வேண்டும். அதனால் வசவுக்கு இடமில்லை, குறும்புக்கு நிறைய இடம் உண்டு. 'முன்னால் பொறி இருக்கிறது' என்ற செய்தி நிஜமாகவும் இருக்கலாம், புளுகாகவும் இருக்கலாம். உதவியாக இருந்தது என்று நாம் குறித்தால், எழுதியவர் அந்த நேரத்தில் எங்கே ஆடிக்கொண்டிருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் உயிர் கூடும். யாரென்றே தெரியாத ஒருவர் நன்றி சொன்னதால் நாம் சாகாமல் தப்பிக்கலாம். புள்ளிப் பட்டியலில் ஏறும் எந்த எண்ணும் இப்படி ஓர் உணர்வைத் தந்ததில்லை.

இதன் இயக்குநர் ஹிடெடகா மியாசாகி இந்த யோசனையின் ஊற்றை ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு நாளில் மலைச்சரிவில் கார்கள் ஏற முடியாமல் வழுக்கின. பின்னால் வந்த கார் முன்னால் நின்ற காரை முட்டித் தள்ள, அதை அடுத்தது தள்ள, ஒருவழியாக எல்லோரும் மேலே ஏறினார்கள். நின்று நன்றி சொன்னால் மறுபடி சிக்கிக்கொள்வார்கள், அதனால் யாரும் நிற்கவில்லை. முகம் பார்க்காமல் உதவிவிட்டு அவரவர் வழியில் போனார்கள்.

2012-இல் வந்த 'ஜர்னி' இதை இன்னும் சுருக்கியது. பாலைவனத்தில் நடக்கும்போது இன்னொரு பயணி எதிர்ப்படுவார். அவர் நிஜ மனிதர். ஆனால் பெயர் தெரியாது, பேச முடியாது. ஒரு மணியோசை போன்ற ஒலி மட்டும் எழுப்பலாம். பனிப்புயலில் இருவரும் ஒட்டி நின்று சூடு பகிர்ந்துகொள்ளலாம். ஆட்டம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடிய பிறகுதான் கூட வந்தவரின் கணக்குப் பெயர் தெரியும். ஃபேஸ்புக் முதலில் பெயரைக் கேட்கும். ஜர்னி கடைசியில்தான் சொல்லும். சமூக வலைத்தளங்களைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ விமர்சனங்களைவிட அந்த வரிசை மாற்றம் எனக்கு அதிகம் சொன்னது.

இவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. டீமன்ஸ் சோல்ஸின் சர்வர்களை 2018 பிப்ரவரியில் அணைத்தார்கள். வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இணையச் சேவையும் 2024 ஏப்ரலில் நின்றது.

அடுத்த பட்டன்

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் கன்ட்ரோலரில் புதிதாக 'சி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் 'கேம்சாட்'. 12 பேர் வரை பேசலாம், நான்கு பேர் வரை கேமராவில் முகம் காட்டலாம், திரையைப் பகிரலாம். ஃபோன் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் நுழைய முடியும், சிறுவர்களுக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். 2026 மார்ச் 31 வரை இலவசம், அதற்குப் பின் சந்தா.

இத்தனை வருடம் சுற்றிவிட்டு 2002-இன் ஹெட்செட்டுக்கே வந்திருக்கிறார்கள் என்று பழைய ஆட்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு இது சரியான திசையாகவே தெரிகிறது. இந்தப் பட்டன் வெளியே உள்ள யாருக்கும் நம்மைக் காட்டுவதில்லை, கூட ஆடுகிறவரோடு பேச வைக்கிறது. ஆனால் இது ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களுக்கான கூடம். மீவெர்ஸில் நடந்தது வேறு. அங்கே நமக்கு யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை, அதே பள்ளத்தில் விழுந்திருந்தால் போதும். அந்தக் கதவை நின்டெண்டோ இன்னும் திறக்கவில்லை.

அடுத்த கன்சோலின் அறிவிப்பு விழாவில் மேடையில் நிற்பவர் புதிய சோஷியல் வசதி என்று ஒன்றைக் காட்டும்போது, நாம் கேட்க வேண்டியது அதில் எத்தனை பேர் சேரலாம் என்பதை அல்ல. அது நம்மை யாருக்குக் காட்டுகிறது, யாரோடு சேர்க்கிறது என்று கேட்க வேண்டும். கண்காணிப்புக்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மூடுகிற நாளில் உள்ளே இருப்பவர்களை என்ன செய்வார்கள் என்பதையும் வாங்குகிற நாளிலேயே கேட்டுவிட வேண்டும். வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா என்று முதலிலேயே கேட்கிறோம் இல்லையா, அதே போலத்தான்.